வீட்டு ரவுட்டரின் திறப்பு யார் கையில்?

வாசல் கதவின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், எந்த இல்லத்தரசியும் தயங்காமல் பதில் சொல்வார். அதே வீட்டின் மூலையில் பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டிருக்கும் ரவுட்டரின் திறப்பு யாரிடம் என்று கேட்டால், "மகனுக்குத்தான் தெரியும்", "பூட்டித் தந்த பிள்ளைக்குத் தெரியும்" என்பார்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மாதம் முழுவதற்கும் வாங்கிய டேட்டா 18ஆம் திகதியே தீர்ந்துபோனது. பிள்ளைகளை ஏசித் தீர்த்தேன். பின்னர் ரவுட்டருக்குள் பார்த்தபோது 7 கருவிகள் இணைந்திருந்தன. எங்களுடையவை 4 மட்டுமே! வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தது என் தவறு. பாவம், பிள்ளைகள்!

ரவுட்டருக்குள் நுழைவது கடினமான காரியமல்ல. அதன் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில் 192.168.1.1 போன்றதொரு முகவரி இருக்கும். வைஃபையில் இணைந்த ஃபோனிலோ கம்பியூட்டரிலோ, இணையத் தளங்களைத் திறக்கும் இடத்தில் அதை எழுதினால் நுழைவுப் பக்கம் வரும். உள்ளே சென்றதும் இவற்றைச் செய்யுங்கள்:

முதலாவது, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஒன்று வைஃபைக்கு உரியது. மற்றது ரவுட்டரையே நிர்வகிப்பதற்கு உரியது. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 2016இல் "மிராய்" என்ற தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது.

இரண்டாவது, பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற வசதியை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, விருந்தினருக்கெனத் தனி வைஃபை வைக்கும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். வருவோரை முகம் கோணாமல் உபசரிக்கலாம். வீட்டுத் திறப்பையும் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில், டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று இடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இந்த இலவசச் சேவை ஆபாசத் தளங்கள் பலவற்றைத் தடுக்கும். எனினும் தாயின் கவனத்துக்கு அது ஈடாகாது. ஃபோனின் சொந்த டேட்டாவில் பார்ப்பதை ரவுட்டர் தடுக்காது.

மூலையில் கிடக்கும் பழைய கம்பியூட்டரை வீசிவிடாதீர்கள். கலியாணப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்ப் பிரதிகளையும் அதில் சேமித்து, வீட்டிலுள்ள அனைவரும் தத்தம் ஃபோனிலிருந்தே பார்க்கும்படி செய்யலாம். இதுவே வீட்டுச் சேர்வர். அதை வயர் மூலம் ரவுட்டருடன் இணையுங்கள். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண் மாறக்கூடும். ஆகவே 192.168.1.50 போன்ற ஓர் எண்ணை இந்தக் கம்பியூட்டருக்கென ஒதுக்கிவிடுங்கள். இத்தகைய எண்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

வெளிநாட்டிலிருக்கும் கணவரும் பார்க்கட்டும் என்று, யாரோ சொன்னதைக் கேட்டு "போர்ட்" திறந்துவிடாதீர்கள். அவருக்குத் திறந்த கதவு ஊரார் எல்லோருக்கும் திறந்த கதவாகிவிடும். அவருக்கு வேண்டிய படத்தை நீங்களே அனுப்புங்கள். படங்களின் இன்னொரு பிரதியை வெளி டிஸ்க் ஒன்றிலும் வைத்திருங்கள்; கம்பியூட்டர் எந்நேரமும் பழுதாகலாம்.

ஓர் எச்சரிக்கை: ஊசித் துவாரம் போன்ற "ரீசெட்" பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இணைப்புக்கு வேண்டிய விபரங்களும் அழிந்து, இணையமே நின்றுவிடக்கூடும்.

புதிய கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். நாளை மகன் படிக்கவோ தொழிலுக்கோ வெளியூர் போனாலும், திறப்பு உங்கள் கையில் இருக்கும்.