அட்மிட் ஆனால்தான் கிளெய்மா?

மனநல சிகிச்சையின் பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்து நடப்பது. மருத்துவக் காப்பீட்டின் பெரும்பகுதியோ கட்டிலில் படுத்திருப்பவருக்காக எழுதப்பட்டது. கோயம்புத்தூரில் தனியாரிடம் மனநல ஆலோசனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், மெடிக்ளெய்ம் அட்டை பையில் இருக்கும்போதே கைக்காசைக் கொடுத்துவிட்டு வருவது இதனால்தான்.

செலவு யாரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்தது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பேசிச் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெறுமனே ‘கவுன்சிலர்’ என்று பலகை வைத்திருப்பவரிடம் அப்படியொரு பதிவு எண் பெரும்பாலும் இருக்காது. பேச்சு சிகிச்சை ஒரே நாளில் முடிவதும் இல்லை. வாரம் ஒன்றாக 12 அமர்வுகள், அமர்வுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மூன்று மாதத்தில் 12,000 ரூபாய் ஆகிவிடும். பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் வருபவருக்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் தனி. உள்ளூரிலேயே மருத்துவர் இருந்தும் கோவைக்கு வருகிறவர்கள் உண்டு. பங்காளிகள் கண்ணில் பட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்கும் என்ற பயம், கட்டணத்தோடு சேர்ந்த இன்னொரு கட்டணம்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 21(4)-ஆம் பிரிவில் சொல்கிறது. 2018 மே 29 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும் பழைய விலக்கு வாசகத்தைக் காட்டிக் கிளெய்மை நிராகரிப்பது நிற்கவில்லை. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரின் கிளெய்மை மறுத்த பொதுத்துறை நிறுவனம் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எல்லா பாலிசிகளிலும் மனநோயைச் சேர்க்க 2022 அக்டோபர் 31 கடைசி நாள் என்று ஆணையம் கெடு வைக்கும் நிலை வந்தது அதற்கும் பிறகுதான்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. சட்டம் கேட்பது சமத்துவம். சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்த ஃபீஸைத் தருவதில்லை. குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் தரும். மனநோய்க்கும் ‘அதே அடிப்படை’ என்றால், அட்மிட் ஆகாத ஆலோசனைக்கு ஒன்றும் கிடைக்காது. சட்டத்தை மீறாமலே இந்த மறுப்பு நடக்கிறது. மதுவிலும் இதேபோல ஒரு விநோதம். மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சட்டம் வைக்கிறது. காப்பீட்டு ஆணையத்தின் பொது விலக்குப் பட்டியலோ குடிநோய் சிகிச்சையை வெளியே நிறுத்துகிறது.

வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. அட்மிட் ஆகி வீடு திரும்பியவருக்கு, பெரும்பாலான பாலிசிகள் அதற்கு முந்தைய 30 நாட்களும் பிந்தைய 60 நாட்களும் அதே நோய்க்கு ஆன வெளிச்செலவைத் தருகின்றன. மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்த ஆலோசனை அமர்வுகளையும் அந்தக் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம். கூடுதல் பிரீமியத்துக்கு ஓ.பி.டி. (அட்மிட் ஆகாத சிகிச்சை) வசதி தரும் பாலிசிகளும் இருக்கின்றன. அவற்றில் ஆண்டுக்கு எத்தனை ரூபாய், எத்தனை அமர்வு, யாரிடம் போகலாம் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது வீண். சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஹெச்.ஆரிடம் ஊழியர் ஆலோசனைத் திட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். இத்தகைய திட்டங்களில் சில அமர்வுகள் இலவசம்.

கொங்கு மண்டலத்தில் ஓ.பி. சிகிச்சைக்கு மிகத் தாராளமான காப்பீடு எது என்றால், பலரும் ஏளனமாகப் பார்க்கும் இ.எஸ்.ஐ.தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். ஓ.பி., மருந்து, அட்மிஷன் மூன்றும் குடும்பத்தோடு சேர்த்து. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியும் கணபதியில் ஃபவுண்டரியில் வேலை செய்பவரும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெற்றுப் போகலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அதற்குமேலும் நீட்டித்துத் தரும் உதவிக்கான 34 நோய்களின் பட்டியலில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களும் இருக்கின்றன. அதற்கு இரண்டு ஆண்டு தொடர் வேலை வேண்டும். கிடைப்பது 80 சதவீதம். கூட்டம், காத்திருப்பு, பேச்சு சிகிச்சைக்குப் போதிய நேரம் கிடைக்காமை ஆகியவை உண்மைதான். ஆனால் தனியார் பாலிசி எதுவும் இந்த விலைக்கு இதைத் தராது. கூலிக்கு நெய்யும் சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரருக்கும் விவசாயிக்கும் இந்த வாசல் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் அட்மிஷனைச் சுற்றியதே. அவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகள் இருக்கின்றன: கோவை, பெருந்துறை, 2022-இல் தொடங்கிய திருப்பூர். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

புதிய பாலிசி எடுப்பவர் ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுவதை விண்ணப்பத்தில் மறைப்பதுதான் பிற்பாடு அதிகம் உதைக்கும் தவறு. சொல்லிவிட்டால் அந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு, ஒருவேளை கூடுதல் பிரீமியம். மறைத்தால், தொடர்ந்து 60 மாதம் கட்டி முடிக்கும்வரை பாலிசியே ரத்தாகும் ஆபத்து. ஆலோசனைப் பணத்தைத் திரும்பக் கேட்பவர் ஒவ்வொரு அமர்வுக்கும் தேதி, நோயாளி பெயர், பதிவு எண், கையெழுத்து உள்ள ரசீது வாங்க வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் நோயின் பெயரையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை தருபவர்மீதுதான் சுமத்துகிறது. அதனால் பில்லை மேலாளர் மேசை வழியாக அனுப்பாமல் காப்பீட்டு நிறுவனத்தின் செயலியில் நேரே ஏற்றுவதே நல்லது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனில் மனு போடலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் இடும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.