மறுபடி சொல்லப்படும் கதைகள்: ஆயிரத்தோர் இரவுகள் தமிழுக்கு வந்த வழி

பழைய விந்தைக் கதைகளைப் புதிய உருவில் சொல்வது இன்றைய நூலுலகிலும் திரையுலகிலும் பெருவழக்காகியுள்ளது. பிரான்சில் பெரோ 1697இல் வெளியிட்ட சிண்டரெல்லாவும், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள ஸ்னோ ஒயிட்டும் தலைமுறைதோறும் வேறு உடை பூண்டு வருவதை நாம் காண்கிறோம். தமிழ் மக்களைப் பொறுத்தவரை இவ்வாறு மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட கதைகளுள் தலையாயவை ‘ஆயிரத்தோர் இரவுகள்’ எனும் அரபுக் கதைகளே. அலிபாபா, அலாவுதீன், சிந்துபாத் ஆகிய பெயர்களை அறியாத தமிழ்ச் சிறுவர் அரியர். ஆயினும் அப்பெயர்களுக்கு உரிய கதைகளை அறிந்தவர் எத்தனை பேர்? பெயர் தங்கிக் கதை மறைந்தது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலம் என ஒன்று உண்டா?

மறுபடைப்புகளைக் குறைகூறுவோர் வழக்கமாக முன்வைக்கும் வாதம், ‘மூலக்கதை சிதைக்கப்பட்டுவிட்டது’ என்பதாகும். இவ்வாதத்தை ஏற்குமுன் மூலத்தின் வரலாற்றை நோக்குவது நலம். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ எனும் நூற்பட்டியலைத் தொகுத்த பக்தாத் நூல்வணிகர் இப்னு அந்-நதீம், இக்கதைகள் ‘ஹஸார் அஃப்ஸான்’ என்ற பாரசீக நூலிலிருந்து பிறந்தவை என்கிறார். அந்நூலை அவர் உயர்வாக மதிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கதைக்குள் கதை சொல்லும் அமைப்போ நம் நாட்டுப் பஞ்சதந்திரத்தில் காணப்படுவது. அப்பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியாகச் சென்று, கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பாரின் கையில் ‘கலீலா வ திம்னா’ என்ற அரபு நூலானது. ஆக, அரபுக் கதையுலகின் ஒரு வேர் இந்திய மண்ணிலும் ஓடியிருக்கிறது.

இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. உலகமே அறிந்த அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகள் எதிலும் இல்லை. அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1704ஆம் ஆண்டு தொடங்கி இக்கதைகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டு வந்தார். கைவசமிருந்த படியில் கதைகள் தீர்ந்த நிலையில், 1709இல் பாரிஸ் நகருக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞரை அவர் சந்தித்தார். சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த அம்மரோனியக் கிறித்தவ இளைஞர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளுள் இவ்விரண்டும் அடங்கும். தியாப் பிற்காலத்தில் எழுதிய பயண நூலின் கையெழுத்துப் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அண்மைக் காலத்தில் அது அச்சேறியபின்தான் அவருடைய பங்கு பரவலாக உணரப்பட்டது.

எனவே இக்கதைகளுக்கு ‘இதுவே மூலம்’ எனச் சுட்டத்தக்க ஒரே வடிவம் இல்லை. மறுபடி சொல்லப்படுவதே இவற்றின் இயல்பு. ஆயின், எப்படியும் சொல்லலாம் என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சொல்பவர் எதையோ வைத்துக்கொள்கிறார், எதையோ விட்டுவிடுகிறார். எது விடப்பட்டது என்பதில்தான் நாம் கருத்தைச் செலுத்த வேண்டும்.

கடல் சுற்றி வந்த கதைகள்

வந்தவாசி என்றவுடன் கோரைப் பாயும் 1760ஆம் ஆண்டுப் போரும் நினைவுக்கு வரும். அப்போரில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வென்றார். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கக் கனவு சரிந்தது. கதைகளின் வரலாற்றுக்கும் இந்நிகழ்ச்சிக்கும் மறைமுகமான தொடர்பு உண்டு. அரபுக் கதைகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய மொழி பிரெஞ்சு. அவற்றை இந்திய வாசகரிடம் பெரிதும் திருப்பிக் கொணர்ந்த மொழியோ ஆங்கிலம். ஆயிரத்தோர் இரவுகளின் அரபு மூலம் முதன்முதலில் அச்சேறியது கெய்ரோவிலோ பக்தாதிலோ அன்று. அது 1814-1818இல் கல்கத்தாவில், கோட்டை வில்லியம் கல்லூரியின் ஆதரவில் அச்சிடப்பட்டது. எகிப்தின் புகழ்பெற்ற பூலாக் பதிப்பு 1835இல்தான் வந்தது.

அதே கல்லூரிக்காக நிஹால் சந்த் லாஹோரி என்பார் ‘குலேபகாவலி’ கதையைப் பாரசீகத்திலிருந்து உருது உரைநடைக்குக் கொணர்ந்தார். பார்வையிழந்த அரசனுக்காக இளவரசன் தாஜுல் முலூக் பகாவலியின் மலரைத் தேடிச் செல்லும் கதை இது. இளவரசனின் பெயர் முஸ்லிம் பெயர். பகாவலியோ இந்திரசபையில் ஆடும் தேவமங்கை. இந்திரனின் சாபத்தால் அவள் பாதியுடல் கல்லாகி, பின்னர் ஓர் உழவன் மகளாக மறுபிறப்பு எடுக்கிறாள். இரு சமய மரபுகளும் இழையோடும் இத்தகைய கதையை எந்த ஒரு சமூகமும் தனக்கு மட்டுமே உரியது எனக் கூற இயலாது.

தமிழ் முஸ்லிம்களின் கதை மரபு

தமிழ் முஸ்லிம்கள் இக்கதைகளைத் திரைப்படங்கள் வழியே முதன்முதல் அறிந்தனர் எனக் கருதுவது தவறு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்னும் இலக்கிய வகைகள் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து வேரூன்றியவை. இவற்றுள் கிஸ்ஸா என்பது கதை கூறும் வகையாகும். வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572இல் அரங்கேறியது என்பர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழக்கில் உரைநடைக் கதையும் தோன்றியது. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் ‘மதீனத்துந் நுஹாஸ்’ என்ற நூல் 1858ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கொள்ளப்படுகிறது. ‘தாமிரப் பட்டணம்’ என்பது அதன் பொருள். தமிழ் நாவலின் தொடக்கத்தை இந்நூலில் காண்போரும் உளர்.

இப்பெயர், ஆயிரத்தோர் இரவுகளில் வரும் பித்தளை நகரக் கதையை நமக்கு நினைவூட்டுகிறது. கலீஃபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி, சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்ட குடங்களைத் தேடி மூஸா இப்னு நுஸைர் செல்கிறார். வழியில், செல்வம் அனைத்தும் அப்படியே இருக்க மக்கள் மட்டும் மாண்டு கிடக்கும் ஒரு நகரத்தை அவர் காண்கிறார். எங்கு நோக்கினும் உலக வாழ்வின் நிலையாமையை உரைக்கும் கல்வெட்டுகள். எச்சரிக்கையை மீறி, இறந்து கிடக்கும் அரசியின் அணிகலன்களைக் கவர முயன்றவன் அங்கேயே மாள்கிறான். மூஸா அதைக் கண்டு கண்ணீர் வடிக்கிறார். விந்தையும் அறிவுரையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்த கதை இது. இதில் வரும் மூஸா கற்பனை மனிதருமல்லர்; அவர் வட ஆப்பிரிக்காவின் ஆளுநராக இருந்த காலத்தில்தான், 711இல், தாரிக் இப்னு ஸியாத் அந்தலூசியாவில் காலடி வைத்தார்.

திரையும் நாளிதழும்

இருபதாம் நூற்றாண்டில் கதை சொல்லும் பொறுப்பு திரைப்படத்துக்கு மாறியது. 1941இல் என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபாவாக நடித்தார். 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வெளியிட்டது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படம் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற சிறப்பைப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு டி.ஆர். ராமண்ணாவின் ‘குலேபகாவலி’ வந்தது. ‘பாக்தாத் திருடன்’ 1960இல் வந்தது. 1979இல் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ படத்தில் தோன்றினர். முஸ்லிம் பெயர் தாங்கிய நாயகனை அனைத்துச் சமூகத்தினரும் தம் நாயகனாகக் கொண்டாடிய காலம் அது. பிற்காலத் திரைப்படங்கள் பலவற்றில் முஸ்லிம் பெயர் தீவிரவாதிக்கு உரியதாக ஆனதை நோக்குகையில், இச்சிறப்பின் அருமை நமக்குப் புலனாகும்.

ஆயினும் இழப்பும் நேர்ந்தது. கலான் எழுதிய வடிவில் அலிபாபா நல்லவன், அறிவாளி அல்லன். அவன் குடும்பத்தைக் காப்பவள் அடிமைப் பெண் மர்ஜானா. வீட்டுக் கதவில் திருடர் இட்ட அடையாளத்தைக் கண்டு, அண்டை வீடுகளிலும் அவ்வாறே இட்டு அவர்களைக் குழப்புகிறாள். தோற்பைகளில் மறைந்திருந்தோரைக் கொதிக்கும் எண்ணெயால் அழிக்கிறாள். விருந்தினனாக வந்த தலைவனை இனங்கண்டு கொல்கிறாள். விடுதலையும் பெற்று, அலிபாபாவின் மகனுக்கு மனைவியாகிறாள். உச்ச நடிகர் அலிபாபா ஆனபின் கதையின் மையம் அவரிடம் நகர்வது இயல்பே; மர்ஜியானா நாயகனின் காதலியாகிறாள். அடிமையின் அறிவு அரசவைக்கும் மேலானது என்ற கருத்து அங்கே மங்குகிறது.

‘திறந்திடு சீசேம்’ என்பதும் இத்தகையதே. சீசேம் என்பது எள். அரபியில் ‘சிம்சிம்’. குகைக்குள் புகுந்த காசிம் பொன்னைக் கண்ட மயக்கத்தில் எள்ளின் பெயரை மறந்து, வாற்கோதுமை முதலான தானியங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறான். கதவு திறக்கவில்லை. உண்ணும் தானியத்தின் பெயரையே மறக்கச் செய்யும் பேராசை என்பதன்றோ அக்காட்சியின் உட்பொருள்? பொருள் விளங்காத மந்திரமாகச் சொல் தமிழுக்கு வந்தபோது அவ்வுட்பொருள் வரவில்லை.

‘தினத்தந்தி’யில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதை அறுபது ஆண்டுகளைக் கடந்து தொடர்ந்தது. அதன் நாயகன் சிந்துபாத். கையளவாகச் சுருக்கப்பட்ட லைலாவுடன் அவன் அலைகிறான். அவளைச் சுருக்கிய மந்திரவாதியின் பெயர் மூசா. அரபுக் கதையில் சிந்துபாத் பக்தாத் வணிகன். ஏழு பயணங்களில் தான் பட்ட இன்னல்களை, அதே பெயருடைய ஏழைச் சுமைகூலியை அழைத்து உபசரித்துச் சொல்கிறான். செல்வனும் ஏழையும் எதிரெதிரே அமர்ந்து பேசும் அவ்வமைப்பே கதையின் உயிர். கன்னித்தீவு தனக்கென ஒரு சுவையான உலகைப் படைத்துக்கொண்டது, அதில் குற்றமில்லை. எனினும் பித்தளை நகரில் கண்ணீர் வடித்த மூஸாவை அறியாமல், மந்திரவாதி மூசாவை மட்டுமே அறிந்து வளர்ந்த தலைமுறைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலை நாட்டுத் திரையில்

டிஸ்னி நிறுவனத்தின் ‘அலாதின்’ 1992இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பாடல் அரபு நாட்டைக் காது அறுக்கும் நாடாகச் சித்தரித்தது. அமெரிக்க அரபு மக்களின் எதிர்ப்பால் 1993இல் அவ்வரி மாற்றப்பட்டது. ஆயினும் காட்டுமிராண்டித்தனம் எனும் பொருள்தரும் சொல் எஞ்சி நின்று, 2019ஆம் ஆண்டுப் படத்தில்தான் நீங்கியது. ஒரு சொல்லை அகற்ற ஒரு தலைமுறைக் காலம் பிடித்திருக்கிறது.

அதனினும் பெரிய நீக்கம் யாருடைய எதிர்ப்பையும் பெறவில்லை. கலானின் கதையில் அலாவுதீன் சீன நாட்டுத் தையற்காரர் ஒருவரின் மகன். விதவைத் தாய் பஞ்சு நூற்று அவனைக் காக்கிறாள். விற்பதற்காக விளக்கைத் துலக்கும்போது பூதத்தை முதலில் வெளிப்படுத்துபவள் அவளே. மகனுக்காக மணிகளைத் துணியில் பொதிந்து நாள்தோறும் அரசவைக்குச் சென்று காத்து நிற்பவளும் அவளே. திரையில் அலாதின் பெற்றோரற்ற தெருத் திருடனாகிறான், தாய் மறைகிறாள்.

ஷஹ்ரஸாதுக்கும் இதுவே நேர்ந்தது. ஆயிரம் நூல்களைத் திரட்டிய கல்வியாளளாகவே பழைய நூல் அவளை அறிமுகம் செய்கிறது. மேலை ஓவியமும் திரையும் அவளைக் கவர்ச்சிப் பாவையாக்கின. மொராக்கோ நாட்டு அறிஞர் ஃபாத்திமா மெர்னிஸி இதைத் தம் நூலொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மாறாக, எகிப்தின் நகீப் மஹ்பூஸ் ஆயிரத்தோர் இரவுகள் முடிந்த மறுநாளில் தம் நாவலைத் தொடங்குகிறார். கொலைகளைக் கைவிட்ட மன்னன் மனசாட்சியின் முன் எவ்வாறு நிற்பான் என்று அவர் கேட்கிறார். மறுபடைப்பு கதையை ஆழப்படுத்தவும் வல்லது என்பதற்கு இது சான்று.

நாம் செய்ய வேண்டுவது

2003ஆம் ஆண்டு ஏப்ரலில் பக்தாதின் தேசிய நூலகம் தீக்கிரையானது. அச்செய்தியைப் படித்த தமிழ்ச் சிறுவனின் உள்ளத்தில் பக்தாத் என்றால் எழுந்த காட்சி யாது? பெரும்பாலும் திருடனும் பறக்கும் கம்பளமும்தான். நூல்வணிகர் தெருவில் இப்னு அந்-நதீம் அமர்ந்து ஏடுகளைக் கணக்கெடுத்த நகரம் அது என்பதை அவனுக்கு யார் சொன்னார்?

திரையைக் குறைகூறி அமைவதில் பயனில்லை. கதையைப் பிறர் கையில் விட்டவர், அது வேறு உருவில் திரும்புவதைக் கண்டு வருந்துவதில் பொருளில்லை. சிறுவர்க்கான நல்ல மறுகூறல்கள் தமிழில் வர வேண்டும். சிற்றூர்களிலிருந்தும் அது நிகழக்கூடும். வந்தவாசியில் வாழும் கவிஞர் மு. முருகேஷின் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’ 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. தாய் மகளுக்குச் சொல்வதே வழக்கமாக இருக்க, மகள் தாய்க்குச் சொல்வதாக அத்தலைப்பு திருப்பியிருப்பதே ஒரு புதிய தொடக்கம்.

கோரைப்பாயில் பாவு நூல் மறைந்தே கிடக்கும். கண்ணுக்குத் தெரிவது கோரையின் நிறமும் கோலமும். நிறத்தைக் காலத்துக்கேற்ப மாற்றலாம். பாவை அறுத்தால் பாயில்லை. இக்கதைகளின் பாவு எதுவென அறிவது கடினமன்று. மர்ஜானாவின் அறிவு, அலாவுதீனுடைய தாயின் பொறுமை, சுமைகூலியை அருகில் அமர்த்திய வணிகனின் பண்பு, பித்தளை நகரில் மூஸா வடித்த கண்ணீர் ஆகியனவே அப்பாவு. ஒரு மறுகூறல் நம் கையில் கிடைக்கும்போது, இவற்றுள் எவை எஞ்சியிருக்கின்றன என்று தேடிப் பார்ப்போம். எஞ்சாதவற்றை, படித்து முடித்தபின், நம் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகவேனும் நாமே சொல்வோம். ஹன்னா தியாப் பாரிசில் செய்ததும் அதுதான்.