முந்தானை ஏறிய ஜன்னல்

1980களில் எங்கள் வீட்டில் யாரும் கடைக்குப் போய் ஸ்கிரீன் துணி வாங்கியதில்லை. அம்மாவின் பருத்திச் சேலை நைந்தால் அதுதான் ஸ்கிரீன். நைவதிலும் ஒரு கணக்கு உண்டு. காலில் உரசும் ஓரம் முதலில் போகும். முந்தானை கடைசிவரை கெட்டியாக நிற்கும். ஆகவே முந்தானை தெருப்பக்க ஜன்னலுக்கு, உடல்பகுதி சமையலறை அலமாரிக்கு, மிச்சம் அடுப்படிப் பிடிதுணிக்கு.

தையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கால் மிஷினில் மேலும் கீழும் மடித்து ஓரம் அடிப்பாள். மேல் மடிப்புக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங்கை நுழைத்து, இரு முனையிலும் கொக்கி திருகி, ஆணியில் இழுத்து மாட்டுவாள். அதுவும் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும்தான். தெருவில் போகிறவர்களுக்கு வீடு தெரியாது. எங்களுக்கு மேல்பாதியில் வேப்பமரம் தெரியும், காற்றும் வரும். ஆறே மாதத்தில் ஸ்பிரிங் தொய்ந்து துணியெல்லாம் நடுவில் வந்து குவியும். ஒரு அங்குலம் நறுக்கிவிட்டுக் கொக்கியைத் திரும்பத் திருகுவாள்.

இப்போது ஸ்டீல் ராடும் தரையைத் தொடும் பாலியஸ்டரும். ஏசி போட்ட அறையில் ஜன்னலைத் திறக்கவா போகிறோம்? ரெடிமேடாக மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு வீட்டில் தைக்கிறேன் என்றால், காசு மிச்சம் பிடிக்கத்தான் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு வெயிலை வடிகட்டித் தரும் பருத்திதான் வேண்டியிருந்தது.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் திரைத்துணி அனுப்பும் கரூரின் துணியில் 48 அங்குல அகலத்தில் 4 மீட்டர் வாங்கினேன். நாலடி ஜன்னலுக்கு இரண்டு பட்டை. சுருக்கம் விழ, அகலத்தைப் போல் இரு மடங்கு துணி வேண்டும். மோட்டார் மிஷினில் ஒரு மணி நேரத்தில் அடித்து முடித்தேன். வளையம் பொருத்திக் கொடுத்த கடைக்காரர், "இரட்டைப்படையா இருக்கணும் சார், அப்பத்தான் ரெண்டு ஓரமும் சுவரைப் பார்த்து நிக்கும்" என்றார். எல்லாம் சரி, வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைக்க மறந்திருந்தேன். முதல் சலவையிலேயே மூன்று அங்குலம் ஏறி, ஜன்னல் திண்டு பல்லிளித்தது.

"சேலைன்னா ஏற்கனவே நூறு தடவை தோய்ச்சது, சுருங்காது" என்றாள் அம்மா. வெட்டியதில் மிஞ்சிய துண்டையும் பழைய ஸ்பிரிங்கையும் அவள் வீசவிடவில்லை. அவை இப்போது சமையல் மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டரை மறைத்துத் தொங்குகின்றன, நடுவில் லேசாகத் தொய்ந்து.