படகுக்கு ஃபோகஸ் லைட் வாங்கலாமா?

நான்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தைவிடச் சற்றே கூடுதல். தெளிவான இரவில், இரண்டு கடல் மைலுக்கு அப்பால் வரும் கப்பலின் கண்ணில் ஒரு சிறு படகு படுவதற்கு அவ்வளவு போதும். கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகள் அந்த அளவை 4.3 கேண்டெலா என்று வகுத்திருக்கின்றன. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலா. ஃபைபர் படகில் ஃபோகஸ் லைட் பொருத்தலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

நாம் பிறர் கண்ணில் பட, ஒளி ஒரு வழி போனால் போதும். நாம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், அது போய், பொருளில் பட்டு, திரும்பியும் வர வேண்டும். தொலைவு இரண்டு மடங்கானால் பொருளின் மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. சிதறித் திரும்பும் வழியிலும் அதே கதை. கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது பதினாறில் ஒரு பங்கு. 150 மீட்டரில் தெரிகிற வலை மிதவை 300 மீட்டரிலும் அதே அளவு தெரிய வேண்டுமானால், விளக்கின் செறிவு 16 மடங்கு கூட வேண்டும். பணத்தையும் பேட்டரியையும் எவ்வளவு கொட்டினாலும் பார்வை எல்லை மெல்லத்தான் நீளும்.

கடல் நீரும் இதற்கு உதவாது. தாழ்வாகச் சாய்ந்து வரும் ஒளியைக் கடற்பரப்பு பெரும்பாலும் முன்னோக்கியே அனுப்பிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு பெரிய விளக்கைப் பாய்ச்சினாலும் கடல் கறுப்பாகவே இருக்கிறது. நுரையும் வெள்ளை மிதவையும் தெரியும். பாதி மூழ்கிய மரக்கட்டை தெரிவது கடினம்.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டையும் லூமனையும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். லூமன் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளி. அது எவ்வளவு ஒடுக்கமான கற்றையாகக் குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 3,000 லூமன் ஒளி 60 பாகை அகலத்தில் விரியும்போது கிடைப்பது சுமார் 3,500 கேண்டெலா. அதே ஒளி 6 பாகையில் குவிந்தால் 3 லட்சத்துக்கு மேல் போகும். வரிசையாகப் பட்டையில் பதித்த எல்இடி விளக்குகளில் பல, முதல் வகை. படகின் மேல்தளத்தில் மீன் பிரிக்க அவை நல்லவை. தொலைவில் எதையும் காட்டா.

ஆனால் ஒடுங்கிய கற்றைக்கும் ஒரு சிக்கல் உண்டு. 6 பாகைக் கற்றை 200 மீட்டரில் சுமார் 21 மீட்டர் வட்டமாக விழும். அலையில் படகு 10 பாகை திரும்பினால் அந்த வட்டம் 35 மீட்டர் தள்ளிப் போய்விடும். அணியத்தில் இறுக்கி முறுக்கிவைத்த விளக்கு கடலில் அங்குமிங்கும் அலைபாய்வது இதனால்தான். கையில் பிடிப்பது, அல்லது கைப்பிடியால் திருப்பக்கூடியது, அதைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு இதில் பெரிய கவலை கண்ணைப் பற்றியது. இருட்டுக்குப் பழகி முழுக் கூர்மை பெற நம் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒளி பட்ட சில நொடிகளில் அது போய்விடும். விளக்கு படகின் வெள்ளை விளிம்பில் பட்டுத் திரும்பினாலே போதும். மழையும் மூடுபனியும் இருந்தால் இன்னும் மோசம்: நீர்த்துளிகள் ஒளியை நம் முகத்துக்கே சிதறடிக்க, எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் நிற்கும். விளக்கை எப்போதும் எரியவிட்டு ஓட்டுகிற படகோட்டி, அந்த வட்டத்துக்கு வெளியே எதையும் பார்ப்பதில்லை. தொலைவில் வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகள் அங்கேதான் இருக்கும்.

அப்படியானால் தேடுவிளக்கு வீணா? இல்லை. சூயஸ் கால்வாயைப் பாருங்கள். மின்விளக்கு பூண்ட கப்பல்கள் 1887 முதல் அதை இரவில் கடந்து வருகின்றன. இரு பக்கமும் கரையும் மிதவைகளும் உள்ள ஒடுங்கிய வழி அது. காட்ட வேண்டியவை எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. அங்கே பயன்படும் விளக்கின் கற்றையை இரண்டாகப் பிரித்து, நடுவில் இருள் விடும் ஏற்பாடு உண்டு. எதிரே வருகிறவரின் கண் கூசக் கூடாதே!

நம் படகுகளுக்கும் பயன் அங்கேதான்: கடைசி இருநூறு, முந்நூறு மீட்டரில். துறைமுக வாயிலில் அலை உடையும் இடத்தை வெண்ணுரை காட்டிக்கொடுக்கும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. விளக்கு மணலை அகற்றாதுதான். உடையும் அலையை முன்கூட்டிக் காட்டும். வலையின் முனையைத் தேட அது வேண்டும். ஆள் கடலில் விழுந்துவிட்டால் கட்டாயம் வேண்டும். உயிர்காப்பு அங்கியிலும் மிதவையிலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டியிருந்தால் வேலை பல மடங்கு எளிது. அந்தப் பட்டை ஒளியை நாலாபக்கமும் சிதறவிடாமல் வந்த திசைக்கே அனுப்புகிறது. விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தலையில் மாட்டும் சிறு விளக்கே பெரும்பாலும் அதற்குப் போதும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். ஆபத்து இருக்கும் திசையைத் தேடுவிளக்கால் சுட்டிக்காட்டப் பன்னாட்டு விதிகள் இடம் தருகின்றன, பிற கலங்களுக்குத் தொல்லை தராத வகையில். கப்பலின் மேடையில் நிற்கிற அதிகாரியின் முகத்தில் அடித்தால், நம்மைப் பார்க்க வேண்டியவரையே குருடாக்குகிறோம். நாம் இருப்பதைத் தெரிவிக்க, விளக்கை நம் படகின் மேலேயே அடித்துக் காட்டுங்கள். செயற்கை ஒளியால் மீனை ஈர்த்துப் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. எனவே வலை நீரில் இருக்கும்போது விளக்கைத் தண்ணீரின் மேல் நிறுத்திவைக்காதீர்கள். நிரந்தரமாகப் பொருத்தும் எண்ணம் இருந்தால், முன்னதாக மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆலசன் விளக்குக்கு 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 11 போனால், வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும்.

கையில் பிடிக்கும், நீர் புகாத, ஒடுங்கிய கற்றையுள்ள ஒரு விளக்கு படகில் இருப்பது நல்லது. தேவைப்படும் சில நொடிகள் மட்டும் எரித்து அணைத்துவிடுங்கள். ஆனால் அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன், படகின் சிவப்பும் பச்சையும் வெள்ளையும் சரியாக எரிகின்றனவா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் முதல் செலவு அதற்குத்தான்.