எச்சத்தில் நின்றுவிடும் வாக்கியங்கள்

தொடக்கப் பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குறிப்பேடு என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. 'மழை நாள்' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியிருந்தவை மூன்றே சொற்கள்: மழை, தாத்தா, ஆடு.

சோம்பல் என்று நினைத்து அவளை அருகில் அழைத்தேன். "இதில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்டதும், தயக்கமின்றிச் சொன்னாள்: "மழ பேஞ்சுதா, தாத்தா ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. ஒரு குட்டி மட்டும் நனைஞ்சு செத்துப்போச்சு." அச்சிறுமியிடம் ஒரு துயரக் கதையே இருந்தது. அதைத் தாளில் இறக்கி வைக்கும் வழிதான் அவளுக்குத் தெரியவில்லை.

பிழை அவளுடையதன்று. நம் பயிற்சிகள் பெரும்பாலும் குழந்தைகளிடம் ஒற்றைச் சொல்லையே கேட்கின்றன. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கும் பொருத்துவதற்கும் ஒரு சொல் போதும். 'முழு வாக்கியத்தில் விடை எழுதுக' என்ற வினாவும் பல நேரங்களில் ஏமாற்றிவிடுகிறது. 'காகம் எங்கே அமர்ந்தது?' என்ற வினாவில் 'எங்கே' என்பதை நீக்கி 'மரத்தில்' என்று வைத்தால் விடை கிடைத்துவிடும். முதற்படியாக இது பயன்படும். ஆனால், அங்கே குழந்தை செய்வது சொல்லை மாற்றி வைப்பதே தவிர, வாக்கியத்தை உருவாக்குவதன்று.

முழு வாக்கியம் என்பதற்கு எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று இலக்கணம் கூறித் தொடங்குவது எளிய வழிபோலத் தோன்றும். எனினும், தமிழில் 'வந்தேன்' என்ற ஒற்றைச் சொல்லே முழு வாக்கியமாகும். வந்தவர் யார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடுகிறது. 'இது என் வீடு' என்பதில் வினைச்சொல்லே இல்லை. ஆயினும், அதில் குறையேதும் இல்லை. எனவே, சொற்களை எண்ணியோ, எழுவாயைத் தேடியோ முழுமையை அளக்க இயலாது.

நம் இலக்கணத்திலேயே இதற்குப் பொருத்தமான இரு சொற்கள் உள்ளன: எச்சம், முற்று. 'வந்து' என்பது எச்சம், கேட்பவர் காத்திருக்கிறார். 'வந்தாள்' என்பது முற்று. கேட்பவருக்கு நிறைவு கிடைக்கிறது. குழந்தைகளின் எழுத்தைக் கூர்ந்து பார்த்தால், ஒருசாரார் சொல்லோடு நின்றுவிடுகின்றனர். மற்றொரு சாரார், 'காலையில் எழுந்து பல் துலக்கி குளித்து சாப்பிட்டு பள்ளிக்கு வந்து விளையாடி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே சென்று, முடிக்கத் தெரியாமல் தாளின் அடிக்கு வந்துவிடுகின்றனர். இலக்கணப் பெயர்களைச் சொல்லாமலேயே, "சொல்லி முடித்துவிட்டாயா, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டால், ஏழு வயதுக் குழந்தையும் சரியாகச் சொல்லிவிடும். முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கலாம் என்பது அதன் பிறகு தானே விளங்கும்.

இரண்டாவது தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி. 'தாத்தா வந்துச்சு' என்று வீட்டில் அன்போடு சொல்லும் குழந்தை, 'தாத்தா வந்தார்' என்று எழுத வேண்டும். 'மாடெல்லாம் மேஞ்சுது' என்பது 'மாடுகள் மேய்ந்தன' ஆக வேண்டும். எழுதும்போது குழந்தை வாக்கியத்தை அமைப்பதோடு, வேறொரு வழக்குக்கும் தன் பேச்சை மாற்றுகிறது. முதல் முயற்சியிலேயே பேச்சு வழக்கைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால், அடுத்த முறை அது பிழைக்கு இடமில்லாத ஒற்றைச் சொல்லுக்கே திரும்பிவிடும்.

நான் கடைப்பிடித்த முறை எளியது. முதலில் குழந்தையைச் சொல்லவைப்பேன். அது சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதுவேன். பிறகு, "இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?" என்று வகுப்பைக் கேட்பேன். மாற்றிய வாக்கியத்தை அதன் கீழே எழுதுவேன். மேலே உள்ளதை அழிக்கமாட்டேன். வீட்டு மொழி தவறு என்ற எண்ணம் குழந்தைக்கு வரக் கூடாது. அடுத்து எங்கே, எப்போது, ஏன் என்ற வினாக்களால் வாக்கியத்தை வளர்ப்போம். 'தாத்தா வந்தார்' என்பது, 'மழைக்குப் பயந்து தாத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்' என்று வளரும்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் என்னும் இலக்கோடு 2021-இல் நிபுண் பாரத் திட்டமும், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், வாசிப்பை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். சொந்தமாக எழுதிய வாக்கியத்தை ஆசிரியர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். ஒருவரே பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகளில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. நாளொன்றுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு சொந்த வாக்கியம் போதும். அதைப் படிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

இது மதிப்பெண் தொடர்பான செய்தி மட்டுமன்று. தனக்கு நேர்ந்ததை யார், என்ன, எப்போது என்று எழுதத் தெரியாதவர், நாளை ஒரு விண்ணப்பத்துக்கும் ஒரு புகாருக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பார். எழுதித் தருபவர் எழுதியதே அவருடைய கூற்றாகிவிடும்.

அச்சிறுமி மறுநாள் இரண்டு வாக்கியங்கள் எழுதி வந்தாள். 'குட்டி செத்துப்போச்சு. தாத்தா அழுதார்.' முதல் வாக்கியம் பேச்சு வழக்கு. இரண்டாவது எழுத்து வழக்கு. இரண்டின் முடிவிலும் புள்ளி இருந்தது. அன்று நான் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.