‘தசைநார்’: ஒரு கலைச்சொல்லும் அது சுட்டும் அமைப்பும்

மருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் ‘தசைநார்’ என்னும் சொல்லை எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. இச்சொல் சில நூல்களில் தசையின் உயிரணுவையும், சிலவற்றில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் பட்டையையும், வேறு சிலவற்றில் தசையை எலும்போடு சேர்க்கும் பகுதியையும் குறிக்கிறது. ஒரு சொல் பல பொருள் தருவது பொதுவழக்கில் இயல்பே. ஆனால் ஒரு நோயின் பெயரில் அச்சொல் அமையும்போது இதனைப் பொருட்படுத்தாமல் விட இயலாது. எப்பொருளுக்கு இதனை உரியதாக்குவது என்பதைத் தசையின் அமைப்பைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

எலும்புத்தசை நார்க்கற்றைகளால் ஆனது. ஒவ்வொரு நாரும் பல உட்கருக்களைக் கொண்ட தனியோர் உயிரணு. அதன் தடிமன் ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோமீட்டர். நீளமோ சில தசைகளில் பல சென்டிமீட்டர். நாருக்குள் நுண்நார்களும், நுண்நாருக்குள் மயோசின், ஆக்டின் என்னும் புரதங்களாலான இழைகளும் உள்ளன. நார், நுண்நார், இழை என்ற இவ்வரிசையை மொழிபெயர்ப்பாளர் குழப்பாதிருந்தாலே பாதித் தெளிவு கிட்டும். இழைகள் சார்கோமியர் எனப்படும் அலகுகளில் அடுக்கப்பட்டுள்ளன; தளர்நிலையில் ஓர் அலகின் நீளம் 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று மிகுதி. இழைகள் தம் நீளம் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதாலேயே தசை குறுகுகிறது என்பதை 1954இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. (‘சுருக்கம்’ என்ற சொல்லும் இங்கு ஓரளவே பொருந்தும். நீர்க்குடத்தை அசையாமல் ஏந்தி நிற்பவரின் கைத்தசை, நீளம் மாறாமலே ‘சுருங்குகிறது’.)

இவ்வாறு பிறக்கும் இழுவிசை எலும்பை அடையும் வழியைப் பாடநூல்கள் நேர்கோடாகவே காட்டுகின்றன: அலகிலிருந்து அடுத்த அலகு, நாரின் முனை, தசைநாண், எலும்பு. ‘தசைநாண்’ மிகப் பொருத்தமான ஆக்கம். வில்லின் நாணைப்போல் அது இழுவிசையைத் தாங்குகிறது. நாரும் நாணும் கூடுமிடத்தில் உயிரணுச் சவ்வு விரல்கள்போல மடிந்திருப்பதால் தொடுபரப்பு மிகுந்து, ஓரலகுப் பரப்பின்மீது விழும் விசை குறைகிறது.

எனினும் இந்த நேர்கோடு முழு உண்மையன்று. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை செல்லும் சார்டோரியஸ் தசையின் நார்களுள் பல, நாணை எட்டாமல் இடையிலேயே முடிந்துவிடுகின்றன. அவற்றின் விசை எங்குச் செல்கிறது? தேங்காய்நார்க் கயிற்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு முழம்கூட நீளாத நார்கள் சேர்ந்து கிணற்றின் ஆழத்திற்கும் எட்டும் கயிறாகின்றன; ஒவ்வொரு நாரும் தன்மேல் விழும் இழுப்பைப் பக்கத்து நாருக்குத் தருகிறது. கயிற்றில் முறுக்கும் உராய்வும் செய்யும் இப்பணியைத் தசையில் சவ்வுப் புரதங்களும், நார்களைச் சூழ்ந்த இணைப்புத்திசு உறையும் செய்கின்றன. தவளைத் தசைநார்களில் இப்பக்கவாட்டுக் கடத்தலை ஸ்ட்ரீட் என்பாரின் ஆய்வு 1983இல் காட்டியது. ‘கடத்தல்’ என்றதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதே நினைவில் எழுவதால், இவ்விடத்தில் ‘பக்கவாட்டு’ என்ற அடையை விடலாகாது.

1987இல் இனங்காணப்பட்ட டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இவ்வழியில்தான் அமைந்துள்ளது. அது நாரின் உள்ளிருக்கும் ஆக்டினைச் சவ்வின் புரதத் தொகுதியோடும், அதன்வழி வெளியுறையோடும் பிணைக்கிறது. டூஷென் நோயில் இப்புரதம் இல்லாமையால், தசை இயங்கும்போது சவ்வு எளிதில் கிழிந்து, கால்சியம் உட்புகுந்து நார் மடிகிறது. அவ்விடத்தைக் கொழுப்பும் வடுத்திசுவும் நிரப்புகின்றன. பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் இந்நோய்வகையை நாளிதழ்கள் ‘தசைநார்த் தேய்வு’ என்கின்றன. பள்ளியில் தசைநாரை மூட்டுப் பட்டையாகப் படித்த பெற்றோர் இதனை மூட்டுநோய் என்றே கொள்வர். ஆகவே ‘தசைநார்’ உயிரணுவுக்கு மட்டுமே உரியதாகட்டும். மூட்டுப் பட்டையைப் ‘பிணைநார்’ எனலாம். ‘தேய்வு’ என்பதும் மாற்றத்தக்கதே. இந்நோயுற்ற குழந்தைகளின் கெண்டைக்கால் பலவேளைகளில் பருத்தே காணப்படும். தேய்வு என்ற பெயரைக் கேட்டவர், பருத்த காலைக் கண்டு நோயில்லை என்று கருத இடமுண்டு. ‘சிதைவு’ என்றால் இவ்வையம் எழாது.