பின்பலகையைத் தட்டுங்கள்!

‘படகு வைத்திருப்பவனுக்கு வாழ்க்கையில் இரண்டே இரண்டு சந்தோஷமான நாட்கள். ஒன்று, படகை வாங்கிய நாள். இன்னொன்று, அதை விற்ற நாள்!’

அமெரிக்க ஏரிக்கரைகளில் ரொம்ப காலமாகப் புழங்கும் ஜோக் இது. ஆனாலும், சனி-ஞாயிறு லீவு வந்துவிட்டால் அங்கே பல ஆபீஸ் ஆசாமிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமோ? யாரோ விற்றுத் தலைமுழுகிய படகைத் தேடிப் பிடித்து வந்து, வீட்டு ஷெட்டில் போட்டு சுரண்டோ சுரண்டு என்று சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்!

பதினாலு, பதினைந்தடி நீள ஃபைபர்கிளாஸ் ஸ்பீட் போட். வயசு நாற்பது, ஐம்பது. பின்னால் ஒரு ‘அவுட்போர்டு’ மோட்டார். நம் மீனவர்களின் ஃபைபர் படகுக்குப் பின்னால் தொங்குமே, அதே ஜாதிதான்.

இந்த ஜாதி மோட்டாரைப் பிரபலமாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடியேறியவர். ஒரு கோடைகாலத்தில் காதலி பெஸ் ஐஸ்க்ரீம் கேட்க, ஐயா துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து போய் வாங்கிவர, வருவதற்குள் ஐஸ்க்ரீம் பாயசமாகிவிட... அந்தக் கடுப்பில்தான் மோட்டாருக்கு யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். ஐஸ்க்ரீம் உருகியதோ இல்லையோ, 1909-ல் அவருடைய ஒன்றரைக் குதிரைசக்தி மோட்டார் விற்பனைக்கு வந்தது நிஜம். காதலியே மனைவியாகி, கம்பெனி நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். ‘இனிமேல் துடுப்பு எதுக்கு, தூக்கிப் போடுங்க’ என்கிற தோரணையில் விளம்பரம் எழுதியதும் அந்த அம்மாதான்.

எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது. ஆனால், பழசுகள் சாகவில்லை. உதிரி பாகங்கள் இன்னமும் கிடைக்கின்றன.

சரி, பழைய படகு வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? சந்தேகமென்ன, எஞ்சினைத்தான்! கயிற்றை இழுத்து, ‘டுர்ர்ர்’ என்று சத்தம் வந்தால் உடனே கை சட்டைப் பைக்குப் போய்விடும். ஏமாறுவது அங்கேதான்.

ஓடாத எஞ்சின் பெரிய வியாதியே இல்லை ஸார். எஞ்சினைத் தாங்குகிற பின்பலகைதான் வில்லன்!

வெளியே பார்த்தால் வழவழவென்று ஃபைபர்கிளாஸ். பெரும்பாலான பழைய படகுகளில் அதற்குள்ளே இருப்பது பிளைவுட். திருகாணி போட்ட ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். வெளியே வர வழி கிடையாது. வருஷக்கணக்கில் ஊறி, பலகை ஊறவைத்த ரஸ்க் மாதிரி ஆகிவிடும். மேலே பெயின்ட் மட்டும் மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். நாற்பது குதிரைசக்தி மோட்டார் என்றால் ஒரு முழு ஆள் எடை. அது முழு வேகத்தில் தள்ளும்போது பலகை விட்டுக்கொடுத்தால்? மோட்டார் ஏரியின் அடிக்குப் போகும். அது பிய்த்த வழியாக ஏரி படகுக்குள் வரும்!

கண்டுபிடிக்க ஒரு சின்னச் சுத்தியல் போதும். பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் பலகை கெட்டி. ‘பொத்... பொத்’ என்றால் உஷார்! பிறகு, மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கூடவே பலகையும் அசைந்தால், விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டு நடையைக் கட்டலாம். அல்லது, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கலாம்.

வைத்தியம் உண்டு. உள்பக்க ஃபைபர் தோலை அறுத்து, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மரைன் பிளைவுட்டை அதே வடிவத்தில் அறுத்து, எபாக்ஸி பசையால் ஒட்டி, மேலே மறுபடி கண்ணாடி இழை. போடுகிற ஒவ்வொரு ஓட்டையையும் பசையால் அடைக்க வேண்டும். முகமூடி முக்கியம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரெஷன் மீட்டரைத் திருகிக் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் படுத்துவிட்டால் செலவு எகிறும். கார்ப்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருக்கும், பிரித்துக் கழுவவேண்டியதுதான். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் விட்ட காபி மாதிரி இருந்தால், ஸீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது.

எஞ்சினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை மேலே இறைப்பது ஒரு குட்டி ரப்பர் சக்கரம். தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினாலே கருகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு புதுசு மாற்றிவிடுங்கள். டெஸ்ட் பண்ணுவதென்றாலும் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் இறக்கித்தான் ஓட்டவேண்டும்.

பழைய டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயில் கலக்கவேண்டும். பல மோட்டார்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இன்னும் பழசு என்றால் அதிகம் கேட்கும். லாம்ப்ரெட்டா ஓட்டிய பழக்கத்தில் ஸ்கூட்டர் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்! தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுகளுக்கு ‘டி.சி.டபிள்யூ-3’ என்று தனி ரகம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சமாசாரம். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் ஆளில்லாத படகு நேரே போய்விடாது. வட்டமடித்துத் திரும்பி வரலாம், சுழலும் புரொப்பெல்லரோடு! அதற்காகவே இருக்கிறது ‘கில் ஸ்விட்ச்’. அதன் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொண்டால், ஆள் விழுந்த மறுவிநாடி எஞ்சின் அணைந்துவிடும். இந்த ஸ்விட்ச் உள்ள 26 அடிக்குக் குறைந்த படகுகளில், வேகமாகப் போகும்போது அதை மாட்டிக்கொள்ளவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம். உங்கள் கிழட்டு மோட்டாரில் அது இல்லாமல் போனால் சட்டம் உங்களை விட்டுவிடலாம், புரொப்பெல்லர் விடாது. பெயின்ட் டப்பா வாங்குவதற்கு முன்னால் அதை வாங்கி மாட்டுங்கள்.

முதல் முறை ஏரியில் இறங்கும்போது லைஃப் ஜாக்கெட், ஒரு வாளி, கூடவே ரெண்டு துடுப்பு. பெஸ் அம்மா மன்னிக்கட்டும்!